மகுடம் சூடிய ‘என்’ முத்திரையும் 18ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பீங்கானும்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வீட்டில் மூடியுடன் கூடிய பீங்கான் பேழை ஒன்று இருக்கிறது. அதன் நான்கு பக்கங்களிலும் கிரேக்க, உரோமானியத் தேவதைகளும் கொழுகொழுவென்ற குழந்தைகளும் புடைப்புச் சிற்பங்களாக எழுந்து நிற்கின்றன. அடியில் நீல நிறத்தில் ஒரு மகுடமும், அதன் கீழே ‘என்’ என்ற ரோமன் எழுத்தும் உள்ளன. “இது கப்போதிமோந்தே பீங்கான், 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது” என்று சொல்லித்தான் அதைக் கொடுத்தார்கள். அது உண்மையா? அந்தக் காலத்து இத்தாலியப் பீங்கானை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த வர்ணனையின்படி அந்தப் பேழை கப்போதிமோந்தேயில் செய்யப்பட்டதாக இருக்க முடியாது. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருப்பதற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நேப்பிள்ஸில் இருந்த கப்போதிமோந்தே ஆலை இயங்கியது 1743 முதல் 1759 வரை மட்டுமே. அதன் முத்திரை லில்லி மலர். மகுடம் சூடிய ‘என்’ அதற்குப் பிறகு நேப்பிள்ஸில் வேறொரு மன்னரின் கீழ் தொடங்கிய வேறொரு ஆலையின் முத்திரை. பேழையில் இருக்கும் புடைப்புச் சிற்ப அலங்காரமோ இந்த இரண்டு ஆலைகளுக்கும் உரியதன்று. அது புளோரன்ஸை அடுத்த தோச்சாவில் பிறந்த பாணி. ஆக, ஓர் ஊரின் பெயரும், இன்னொரு ஆலையின் முத்திரையும், மூன்றாவது ஆலையின் கைவண்ணமும் ஒரே பொருளின் மேல் வந்து சேர்ந்திருக்கின்றன. இந்தக் குழப்பம் எப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முத்திரையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். இத்தாலியப் பீங்கானின் அழகில் பெரும்பகுதி நல்ல மண் கிடைக்காத குறையிலிருந்து பிறந்தது என்பதே பல ஆண்டுகளாக இவற்றைக் கவனித்துவரும் என் முடிவு.

ஐரோப்பிய மொழிகளில் பீங்கானுக்கு வழங்கும் பெயரே இத்தாலியிலிருந்து வந்ததுதான். ‘பொர்செல்லானா’ என்றால் சோழி. சீனப் பாத்திரங்களின் வழுவழுப்பான வெண்மையைக் கண்ட இத்தாலியர்கள் அதைச் சோழியின் பெயரால் அழைத்தார்கள். அவற்றைத் தாமே செய்து பார்க்கும் முயற்சியும் அங்கேதான் முதலில் பலித்தது. புளோரன்ஸில் அதன் ஆட்சியாளர் பிரான்செஸ்கோ தெ மெதிச்சியின் பட்டறையில் 1575 வாக்கில் தொடங்கிய அந்த முயற்சி, 1587இல் அவர் இறந்ததும் நின்றுபோயிற்று. இன்று உலகெங்கும் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 60 முதல் 70 பொருள்களே. ஆனால் அது சீனர்கள் செய்த பீங்கானுக்கு நிகரானதன்று. உண்மையான கடினப் பீங்கானுக்குக் கயோலின் என்னும் வெண்களிமண்ணும், சூளையில் உருகிக் கண்ணாடியாகும் பெல்ஸ்பார் வகைக் கல்லும் வேண்டும். 1,300 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் வேண்டும். கயோலின் கிடைக்காதவர்கள் மணல், வெடியுப்பு, சோடா போன்றவற்றை உருக்கிப் பொடித்து, அதோடு கிடைத்த வெள்ளைக் களிமண்ணைக் கலந்து, குறைந்த வெப்பத்தில் சுட்டார்கள். இதற்கு மென்பீங்கான் என்று பெயர். பார்வைக்குப் பால்போல் மிருதுவாக இருக்கும். ஆனால் சக்கரத்தில் வனையும்போது சொன்னபடி கேட்காது, சூளையில் எளிதில் சரிந்துவிடும்.

கடினப் பீங்கானின் இரகசியத்தை ஐரோப்பாவில் முதலில் கண்டுபிடித்து, 1710இல் மைசனில் ஆலை அமைத்தவர்கள் ஜெர்மானியப் பகுதியான சாக்சனி நாட்டினர். அந்த இரகசியத்தைப் பூட்டி வைக்க அவர்கள் எவ்வளவோ முயன்றும், அது தெரிந்த வேலையாள்களின் தலைக்குள் இருந்தபடியே எல்லை தாண்டியது. கிறிஸ்டோப் கொன்ராட் ஹுங்கர் என்பவர் மைசனிலிருந்து வியன்னாவுக்கும், அங்கிருந்து 1720 வாக்கில் வெனிஸுக்கும் போனார். அங்கே பொற்கொல்லர் குடும்பத்தைச் சேர்ந்த ஜொவான்னி வெட்ஸியின் ஆலை தொடங்கியது. வெட்ஸியிடம் இரகசியம் இருந்தது, மண் இல்லை. கயோலின் சாக்சனியிலிருந்தே வர வேண்டியிருந்தது. மைசனுக்குத் திரும்பிய ஹுங்கர் 1727இல் இதை அங்கே வெளிப்படுத்திவிட, மண் வருவது தடைபட்டு அதே ஆண்டில் வெட்ஸியின் சூளை அணைந்தது. எண்பட்டைத் தேநீர்க் குடங்களும், இலை வடிவங்கள் அச்சிலேயே எழும்பிய கோப்பைகளும் அவருடைய சிறப்பு. எஞ்சியவை மிகச் சில என்பதால் அருங்காட்சியகங்களுக்கு வெளியே அவற்றைக் காண்பதே அரிது.

1743இல் நேப்பிள்ஸ் மன்னர் சார்லஸ் கப்போதிமோந்தே அரண்மனைத் தோட்டத்தில் ஆலை அமைத்தபோதும் இதே மண் சிக்கல்தான். அவருடைய மனைவி மாரியா அமாலியா சாக்சனி இளவரசி. மைசன் ஆலையை நிறுவிய அகஸ்டஸின் பேத்தி. பிறந்த வீட்டில் பீங்கானோடு பீங்கானாக வளர்ந்த அரசிக்குப் புகுந்த வீட்டிலும் அது வேண்டியிருந்தது. ஆனால் மைசனிலிருந்து ஆளும் வரவில்லை, மண்ணும் வரவில்லை. லிவியோ ஷேப்பர்ஸும் அவருடைய மகன் கயெத்தானோவும் பல கலவைகளைச் சோதித்து, கலாப்ரியா பகுதியின் புஸ்கால்தோ மண்ணைக் கொண்டு ஒரு மென்பீங்கானை உருவாக்கினார்கள். பூச்சுக்கு அடியிலுள்ள சுட்ட மண்ணை ‘உடல்’ என்பார்கள். அந்த உடலின் நிறத்தை வெண்மை என்று மட்டும் சொன்னால் போதாது. விளக்குக்கு எதிரே பிடித்தால் காய்ச்சிய பாலின் மேல் படரும் ஏடுபோல ஒரு மங்கலான ஒளி அதனுள் தங்கி நிற்கும். அதன் மெருகுப் பூச்சும் உடலோடு ஒட்டி, ஈரம் உலராதது போலத் தோன்றும்.

இந்த உடல்தான் அங்கே தீட்டப்பட்ட ஓவியத்தின் முறையையே தீர்மானித்தது. கடினப் பீங்கானின் மெருகு கண்ணாடிபோல் இறுகியது. அதன் மேல் பூசும் எனாமல் வண்ணம் மேற்பரப்பிலேயே நின்று, கோடுகள் கூர்மையாகத் தெரியும். மென்பீங்கானின் மெருகு, வண்ணத்தைச் சுடும் சிறு சூளையின் குறைந்த வெப்பத்திலேயே சற்று இளகிவிடும். வண்ணம் அதனுள் இறங்கி, விளிம்புகள் கசிந்து மென்மையாகும். கூரிய கோட்டை நம்பும் ஓவியனுக்கு இது பெரும் தொல்லை. கப்போதிமோந்தேயின் தலைமை ஓவியர் ஜொவான்னி கசெல்லி நுண்ணோவியம் தீட்டிப் பழகியவர். மூக்குப்பொடிப் பேழைகளின் மூடிக்குள் உள்ளங்கை அளவில் காட்சிகளைத் தீட்டியவர். அவரும் அவருடைய குழுவினரும் கோட்டைக் குறைத்துக்கொண்டு புள்ளியைக் கையில் எடுத்தார்கள். அங்கே செய்யப்பட்ட ஒரு சிறு கோப்பையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், தூரத்து மலையும் மேகமும் மனிதமுகமும் தூரிகை நுனியால் ஒற்றி எடுத்த புள்ளிகளாகப் பிரிந்துவிடும். கன்னத்தின் சிவப்பு என்று நாம் நினைத்தது, வெறும் வெண்மையின் மேல் இடைவெளி விட்டு வைத்த சில செம்புள்ளிகள்தான். அந்தப் புள்ளிகள் மெருகுக்குள் சற்றே கரைந்திருப்பதால், கண்ணாடியை விலக்கியதும் அவை ஒன்றுசேர்ந்து தோலின் நிறமாகிவிடுகின்றன. மைசன் ஓவியர்களின் திறமை பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், மண்ணின் பலவீனத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட இந்தப் புள்ளி ஓவியத்தைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் வியப்பு அங்கே ஏற்படுவதில்லை.

சிற்பத்திலும் இதே கதைதான். தலைமைச் சிற்பி ஜுசெப்பே கிரிச்சி புளோரன்ஸிலிருந்து வந்தவர். அவர் வடித்த உருவங்களில், உடலின் அளவுக்குத் தலை சிறிதாக இருக்கும். உடல் மெல்ல வளைந்து நிற்கும். ஆடையின் நுண்ணிய சரிகை வேலைகள், விரல் நுனிகள் போன்றவற்றை மென்பீங்கான் தாங்காது. ஆகவே கிரிச்சி உருவத்தைப் பெரிய, எளிய தளங்களாக வைத்துக்கொண்டார். மீன் விற்பவர்கள், காதலர்கள், புல்சினெல்லா முதலிய கோமாளி நாடகப் பாத்திரங்கள் ஆகியோரைச் செய்யும்போது வண்ணத்தையும் சிக்கனமாகவே பூசினார்கள். ஒரு குப்பாயத்தின் ஓரம், ஒரு காலணி, உதடு. மற்றதெல்லாம் அந்தப் பால் வெண்மைதான்.

இந்த ஆலையின் உச்சம் 1757 முதல் 1759 வரை போர்த்திச்சி அரண்மனையில் அரசிக்காகச் செய்த பீங்கான் அறை. சுவர் முழுதும் வெண்பீங்கான் பலகைகள். அவற்றின் மேல் புடைப்பாக எழும் சீன உடை தரித்த மனிதர்கள், குரங்குகள், பறவைகள், இசைக் கருவிகள், பூச்சரங்கள். மொத்தம் 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள். பீங்கான் சூளையில் கணிசமாகச் சுருங்கும். அதுவும் ஒவ்வொரு துண்டும் ஒரே அளவில் சுருங்காது. ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய ஆயிரக்கணக்கான துண்டுகளை அப்படிச் சுருங்கும் மண்ணில் செய்து, சுவரில் இணைத்து, இணைப்புகள் கண்ணில் படாதபடி அமைப்பது எத்தகைய வேலை என்பதைச் சூளையின் முன் நின்றவர்களே முழுதாக உணர முடியும். அறை இன்று கப்போதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1866இல் அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுவினார்கள். அது முடிந்த 1759ஆம் ஆண்டிலேயே சார்லஸ் ஸ்பெயினின் அரசுரிமை கிடைத்து மாட்ரிட் புறப்பட்டார். போகும்போது தொழிலாளர்களையும் அச்சுகளையும் ஆயத்தமாக இருந்த மண் கலவையையும் கப்பலேற்றிக்கொண்டு போய், அங்கே புவென் ரெத்திரோ ஆலையைத் தொடங்கினார். கிரிச்சியும் உடன் போனார். முத்திரையும் அதே லில்லிதான். அதனால்தான் லில்லி முத்திரை உள்ள பொருள்களிலும் நேப்பிள்ஸையும் மாட்ரிட்டையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் பேழையின் உண்மையான பூர்வீகத்துக்கு வருவோம். புளோரன்ஸை அடுத்த செஸ்தோ பியொரெந்தினோவின் தோச்சாவில், மார்க்கேஸ் பட்டம் பெற்ற பிரபு கார்லோ ஜினோரி 1735இல் தன் மாளிகையை ஒட்டி ஆலையைத் தொடங்கினார். இது அரசரின் ஆலையன்று. தனி மனிதர் ஒருவரின் பிடிவாதத்தால் நடந்தது. 1737இல் மெதிச்சி வம்சத்தின் ஆட்சி முடிந்து, புளோரன்ஸ் அடங்கிய தஸ்கனி நாடு லொரெய்ன் பிரான்சிஸின் கைக்குப் போனது. புதிய ஆட்சியாளரைக் காண வியன்னா சென்ற ஜினோரி, அங்கிருந்த பீங்கான் ஆலையைப் பார்த்துவிட்டு, கார்ல் வெந்தலின் அன்ரைட்டர் என்ற ஓவியரை அழைத்துவந்தார். மண் விஷயத்தில் மட்டும் நிலைமை இங்கும் சுமார்தான். தோச்சாவின் தொடக்ககால உடல் கடினப் பீங்கானும் மென்பீங்கானும் கலந்த ஒரு கலப்பு; சாம்பல் படிந்த நிறம், சற்றே சொரசொரப்பு. பெரிய உருவங்களைச் சுடும்போது அது வெடித்துக் கீறல் விட்டது. பிற்காலத்தில் அந்தச் சாம்பல் நிறத்தை மறைக்க மெருகில் வெள்ளீய ஆக்சைடைக் கலந்து வெள்ளையாக்கினார்கள்.

மண் இப்படியிருந்தும், வேறு யாருக்கும் வாய்க்காத ஒன்று ஜினோரிக்கு வாய்த்தது. மெதிச்சி அரசவைக்காக வெண்கலம் வார்த்த மாசிமிலியானோ சொல்தானி பென்ஸி, ஜொவான்னி பத்திஸ்தா பொஜ்ஜினி ஆகிய பெருஞ்சிற்பிகள் மறைந்தபின், அவர்களுடைய அச்சுகளையும் மாதிரிகளையும் அவர்களின் வாரிசுகளிடமிருந்து அவர் விலைக்கு வாங்கினார். வெண்கலத்துக்காக எண்ணிச் செய்த வடிவங்களைப் பீங்கானில் வார்க்கும் பொறுப்பைத் தலைமைச் சிற்பி காஸ்பரே புருஸ்கி ஏற்றுக்கொண்டார். மெழுகு மாதிரியிலிருந்து சுண்ணச் சாந்தில் பல துண்டுகளாக அச்சு எடுப்பார்கள். பிசைந்த மண்ணைத் தகடாக்கி, விரலாலும் ஈரக் கடற்பஞ்சாலும் அச்சின் ஒவ்வொரு பள்ளத்திலும் அழுத்துவார்கள். சாந்து நீரை உறிஞ்சியதும் மண் சற்றுச் சுருங்கி அச்சை விட்டு விலகும். பிறகு கை, கால், தலை என்று தனித்தனியே எடுத்தவற்றை நீர்த்த களிமண்ணால் ஒட்டி, ஒட்டிய தடத்தை மழித்து, சூளையில் சாயாமல் இருக்கச் சுற்றிலும் முட்டுக் கொடுப்பார்கள். பழைய உருவம் ஒன்றின் உட்புறத்தைப் பார்க்க நேர்ந்தால், மண்ணை அழுத்தியவரின் விரல் தடங்கள் இன்றும் அப்படியே இருக்கும். 1740களின் பிற்பகுதியில், புகழ்பெற்ற மெதிச்சி வீனஸ் சிலையையே பெரிய அளவில் இந்த முறையில் பீங்கானாக்கிக் காட்டினார்கள். கீறல்களோடுதான் அது வெளியே வந்தது; அப்படியும் ஜினோரி அதைப் பெருமையாகவே வைத்துக்கொண்டார்.

அதே அச்சுகளின் தொடர்ச்சிதான் உங்கள் பேழையின் புடைப்புச் சிற்பங்கள். புராணக் காட்சிகளைக் கோப்பை, தட்டு, பேழை ஆகியவற்றின் பக்கங்களில் மெல்லிய புடைப்பாக எழுப்பி, மேனியின் நிறத்தைப் புள்ளிகளாக வைத்துத் தீட்டும் முறை தோச்சாவின் தனிச்சொத்து. இதோடு எளிய அலங்காரங்களும் அங்கே வளர்ந்தன. ‘ஸ்தம்பினோ’ என்பது அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. வெட்டிய அச்சுத்தாளைத் தட்டின் மேல் படியவைத்து, அதன் துளைகளின் மேல் கோபால்ட் நீலத்தைத் தூரிகையால் தடவுவார்கள். தாள் கிழியாதிருக்க விட்டுவைத்த மெல்லிய இணைப்புகள், பூவின் இதழ்களுக்கு நடுவே சிறு வெள்ளை இடைவெளிகளாகத் தட்டில் விழுந்திருக்கும். வாசலில் கோல அச்சு போட்டவர்களுக்கு இந்த வேலையின் தர்க்கம் பார்த்தவுடனே புரியும். ‘துலிபானோ’ என்ற இன்னொரு வகையில், தட்டின் நடுவே ஒரு பெரிய செம்மலர். பெயரில் துலிப் இருந்தாலும், அதன் மூலம் சீனப் பாத்திரங்களில் காணும் பியோனி மலர்தான்.

வண்ணங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மெருகுக்கு அடியில் தீட்டிப் பெருஞ்சூளையின் வெப்பத்தைத் தாங்கக்கூடியது அன்று பெரும்பாலும் கோபால்ட் நீலம் ஒன்றே. மற்றவற்றை மெருகின் மேல் தீட்டி, 700 முதல் 850 பாகை வரையிலான சிறு சூளையில் மீண்டும் சுட வேண்டும். செம்பிலிருந்து பச்சையும், இரும்பிலிருந்து செம்மையும் வந்தன. இளஞ்சிவப்பும் ஊதாவும் தங்கத்திலிருந்து வந்தன. தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவையான இராஜதிராவகத்தில் அதைக் கரைத்து, வெள்ளீயக் கரைசலோடு சேர்த்தால் கிடைக்கும் படிவுதான் அந்த நிறம். ஒரு ரோஜா இதழுக்குத் தங்கம் செலவானது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பழைய பூங்கொத்து ஓவியங்களில் அந்த நிறம் ஏன் அவ்வளவு அளந்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

மற்ற ஆலைகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வெனிஸில் ஜெமினியானோ கோட்ஸி 1760களின் நடுவில் தொடங்கிய ஆலை 1812 வரை நடந்தது; விசென்சாவை ஒட்டிய த்ரெத்தோ மண்ணைப் பயன்படுத்தியது; அதன் முத்திரை சிவப்பு நங்கூரம். துரினை அடுத்த வினோவோவில் மருத்துவரான ஜொவானெத்தி, பால்திசேரோவின் மக்னீசியம் கலந்த மண்ணைக் கொண்டு பீங்கான் செய்தார். உரோமில் செதுக்கோவியக் கலைஞர் ஜொவான்னி வொல்பாத்தோ 1785இல் தொடங்கிய பட்டறை, பழங்காலச் சிலைகளை மெருகிடாத வெண்பீங்கானில் சிறிதாக்கிப் பயணிகளுக்கு விற்றது.

நேப்பிள்ஸுக்கு மட்டும் மீண்டும் போக வேண்டும். சார்லஸின் மகன் பெர்தினாந்து 1771இல் புதிய ஆலையைத் தொடங்கினார். மகுடம் சூடிய ‘என்’ இந்த ஆலைக்கு உரியது. தொமேனிக்கோ வெனூத்தி இயக்குநராகவும் பிலிப்போ தல்யோலினி தலைமைச் சிற்பியாகவும் இருந்த காலம்தான் அதன் பொற்காலம். எரிமலை வெடிப்பில் புதைந்த பழைய உரோமானிய நகரான ஹெர்க்குலேனியத்தின் அகழ்வில் வெளிவந்த சுவரோவியங்களைத் தட்டுகளில் தீட்டிய உணவுத் தொகுதி ஒன்றை 1780களின் தொடக்கத்தில் மகன் தன் தந்தைக்கு ஸ்பெயினுக்கு அனுப்பினார். அடுத்து, அரண்மனைச் சேகரிப்பில் இருந்த பழைய மட்கலங்களின் வடிவில் செய்த ‘எத்ருஸ்கத் தொகுதி’ இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் போயிற்று. அந்த மட்கலங்கள் உண்மையில் கிரேக்கர்களுடையவை. அன்று பெரும்பாலோர் அவற்றை இத்தாலியின் பழங்குடி மக்களான எத்ருஸ்கர்களுடையவை என்றே நம்பினார்கள். இந்த ஆலையின் சுவை தொல்லியல் சார்ந்தது, அடக்கமானது. கொழுகொழு குழந்தைகள் புடைத்து நிற்கும் பேழைகள் அதன் போக்கிலேயே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது.

முத்திரை மட்டும் தொடர்ந்து வாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் பழம்பொருள் மோகம் பெருகியபோது, தோச்சாவின் புடைப்புச் சிற்பப் பாணிதான் கப்போதிமோந்தே என்ற தவறான எண்ணம் வேரூன்றியது. தோச்சா ஆலையே மகுடம் சூடிய ‘என்’ முத்திரையோடு அவற்றை மறுபடியும் பெருமளவில் செய்தது. ஜெர்மனியிலும் பிற இடங்களிலும் இருந்த ஆலைகள் அதைப் பின்பற்றின. முத்திரைக்கும் பாணிக்கும் காலத்துக்கும் இருந்த தொடர்பு அதோடு அறுந்தது.

ஆகவே பேழையைக் கையில் எடுத்து, நல்ல வெளிச்சத்தில், இந்த வரிசையில் பாருங்கள். முதலில் அடிவிளிம்பில் மெருகு படாத இடம்: அங்கே தெரியும் உடல் ஒரே சீரான தூய வெண்மையாகவும் நெருக்கமாகவும் இருந்தால் பிற்காலப் பொருள், சாம்பல் நிறமும் சொரசொரப்பும் சிறு சூளைக் கீறலும் இருந்தால் பழைய தோச்சாவாக இருக்கலாம். அடுத்து மேனியின் வண்ணம்: பழைய வேலையில் உருப்பெருக்கியின் கீழ் தனித்தனிப் புள்ளிகள் தெரியும், பிற்காலப் பொருள்கள் பலவற்றில் தசைநிறத்தைப் பட்டையாகத் தேய்த்திருப்பார்கள். பிறகு புடைப்பின் கூர்மை: பலமுறை அச்செடுத்துத் தேய்ந்த வடிவங்களில் முகங்கள் மழுங்கியிருக்கும். முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தோச்சாப் பொருள்களில் பெரும்பாலும் முத்திரையே இராது என்பதையும் நினைவில் வையுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால், பழம்பொருள் வல்லுநர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். அதுவரை முத்திரையின் மேல் படிந்திருக்கும் அழுக்கைக்கூடச் சுரண்ட வேண்டாம்.